நீலத் தலைக்கவசம் எப்போது காக்கும், எப்போது கைவிடும்? ஐ.நா. அமைதிப்படையை விளக்கும் சர்வதேச உறவுக் கோட்பாடுகள்

புதுடெல்லி: தெற்கு லெபனானில் 1978-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நிலைகொண்டுள்ள ஐ.நா. இடைக்காலப் படையின் பணிக்காலம் 2026 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் முடிவடைகிறது. இதற்கான தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2025 ஆகஸ்ட் இறுதியில் ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023 ஜூன் மாதம், மாலி நாட்டின் ராணுவ அரசு தங்கள் மண்ணிலிருந்து ஐ.நா. படை வெளியேற வேண்டும் என்று கோரியது. அந்த ஆண்டு முடிவதற்குள் படை வெளியேறியது. 2025 அக்டோபரில், நிதிப் பற்றாக்குறை காரணமாக 9 அமைதிப் பணிகளில் உள்ள படையினரிலும் காவல்துறையினரிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் குறைக்கப் போவதாக ஐ.நா. அதிகாரிகள் தெரிவித்தனர்.

இந்தச் செய்திகள் தொலைதூர நாடுகளைப் பற்றியவை மட்டுமல்ல. இதுவரை 50-க்கும் மேற்பட்ட ஐ.நா. பணிகளில் 2,90,000-க்கும் அதிகமான இந்தியர்கள் பங்கேற்றுள்ளனர். அவர்களில் சுமார் 180 பேர் பணியின்போது உயிரிழந்துள்ளனர். லெபனான், காங்கோ, தெற்கு சூடான், கோலான் குன்றுகள் என இன்றும் பல இடங்களில் இந்திய வீரர்கள் நீலத் தலைக்கவசம் அணிந்து நிற்கின்றனர்.

அந்தத் தலைக்கவசம் சில நாடுகளில் போரை நிறுத்தியிருக்கிறது. சில நாடுகளில் படுகொலையைத் தடுக்க இயலாமல் நின்றிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வீரர்களின் துணிவா, ஆயுத பலமா, பணமா, அல்லது வல்லரசுகளின் விருப்பமா? சர்வதேச உறவுகள் என்னும் துறை இக்கேள்விக்குப் பல கோணங்களிலிருந்து விடை தேடியுள்ளது. அக்கோட்பாடுகளையும், அவற்றை உரசிப் பார்க்க உதவும் உண்மை நிகழ்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சாசனத்தில் இல்லாத ஓர் ஏற்பாடு

ஐ.நா. சாசனத்தில் அமைதிப்படை என்ற சொல்லே இல்லை. சாசனத்தின் 6-ஆவது அத்தியாயம் தகராறுகளைப் பேச்சுவார்த்தை, நடுவர் தீர்ப்பு முதலிய அமைதி வழிகளில் தீர்ப்பது பற்றிப் பேசுகிறது. 7-ஆவது அத்தியாயம் அமைதிக்கு அச்சுறுத்தல் ஏற்படும்போது தடைகளையும் ராணுவ பலத்தையும் பயன்படுத்துவது பற்றிப் பேசுகிறது. அமைதிப்படை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. இதனாலேயே ஐ.நா.வின் இரண்டாவது பொதுச் செயலாளர் டாக் ஹமர்ஷீல்ட் காலம் தொட்டு இதனை 'ஆறரை அத்தியாயம்' என்று குறிப்பிடும் வழக்கம் உள்ளது.

முதல் பணி 1948 மே 29 அன்று தொடங்கியது. அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான போர் நிறுத்தத்தைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட பார்வையாளர் குழு அது. அதன் நினைவாகவே ஆண்டுதோறும் மே 29 சர்வதேச அமைதிப்படையினர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

காலப்போக்கில் மூன்று அடிப்படை விதிகள் உருவாயின. மோதலில் உள்ள தரப்பினரின் சம்மதம் வேண்டும். படை எந்தத் தரப்பையும் சாரக்கூடாது. தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்கும் தவிரப் பலத்தைப் பயன்படுத்தக்கூடாது. அமைதிப்படையின் வரலாறு முழுவதையும் இந்த மூன்று விதிகளுக்கும் களத்தின் நெருக்கடிக்கும் இடையிலான இழுபறி என்றே சொல்லலாம்.

யதார்த்தவாதம்: வல்லரசுகள் விரும்பினால்தான் படை நகரும்

யதார்த்தவாதக் கோட்பாட்டின்படி உலக நாடுகளுக்கு மேல் அதிகாரம் செலுத்தும் அரசு எதுவும் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பையும் நலனையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. ஐ.நா. போன்ற அமைப்புகளுக்குத் தனிப்பட்ட வலிமை கிடையாது. வலிய நாடுகளின் நலன்கள் எங்கே பொருந்துகின்றனவோ அங்கே மட்டுமே அவை இயங்கும் என்கிறது இக்கோட்பாடு.

1956-ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. எகிப்து அதிபர் நாசர் ஜூலை மாதம் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், அதைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. பாதுகாப்பு கவுன்சிலில் பிரிட்டனும் பிரான்சும் தங்கள் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தின. இதனால் விவகாரம் பொதுச் சபையின் அவசரக் கூட்டத்துக்குச் சென்றது. கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன், இரு தரப்புக்கும் இடையே ஐ.நா. படையை நிறுத்தும் யோசனையை முன்வைத்தார். ஆயுதம் தாங்கிய முதல் அமைதிப்படை இவ்வாறே உருவானது. பியர்சனுக்கு 1957-ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த யோசனை வெற்றி பெற்றதற்கு அதன் நியாயம் மட்டுமே காரணம் அன்று. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் இந்தப் படையெடுப்பை விரும்பவில்லை. பவுண்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்த வேளையில் அமெரிக்கா கொடுத்த பொருளாதார அழுத்தம் பிரிட்டனைப் பின்வாங்கச் செய்தது. பிரிட்டனும் பிரான்சும் மானத்தோடு வெளியேற ஒரு வழி தேவைப்பட்டது. அமைதிப்படை அந்த வழியாக அமைந்தது.

அதே படையின் முடிவும் யதார்த்தவாதிகளின் கூற்றுக்கு வலுச் சேர்க்கிறது. இஸ்ரேல் தன் எல்லைக்குள் ஐ.நா. படையை அனுமதிக்கவில்லை. எனவே படை எகிப்தின் பகுதியிலும் காசாவிலும் மட்டுமே நின்றது. 1967 மே மாதம் நாசர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். பொதுச் செயலாளர் யூ தாண்ட் படையை விலக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். அப்போது படையின் தளபதியாக இருந்தவர் இந்தியாவின் மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்கி. விலகல் முடிவதற்குள் ஜூன் 5 அன்று போர் வெடித்தது. காசாவில் இருந்த இந்திய வீரர்கள் சிலரும் அதில் உயிரிழந்தனர். பத்தாண்டுக் காலம் எல்லையைக் காத்த படையால், தரப்பினர் போரிட முடிவெடுத்த பின் ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போட இயலவில்லை.

வல்லரசுகளின் அக்கறையின்மை இன்னும் கொடிய விளைவைத் தரும் என்பதை 1994-இல் ருவாண்டா காட்டியது. அங்கு சுமார் 2,500 பேர் கொண்ட ஐ.நா. படை இருந்தது. ஆயுதங்கள் பதுக்கப்படுவது குறித்து அதன் தளபதி ரோமியோ டலேர் ஜனவரி மாதத்திலேயே தலைமையகத்துக்கு எச்சரிக்கை அனுப்பினார். ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியது. பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையை விலக்கியது. முந்தைய அக்டோபரில் சோமாலியாவில் 18 வீரர்களை இழந்திருந்த அமெரிக்கா இன்னோர் ஆப்பிரிக்கச் சிக்கலில் தலையிட விரும்பவில்லை. படையைப் பெருக்க வேண்டிய நேரத்தில் அதனை 270 பேராகக் குறைக்கும் தீர்மானத்தைப் பாதுகாப்பு கவுன்சில் ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர்.

தாராளவாதம்: அவநம்பிக்கையைப் போக்கும் மூன்றாம் தரப்பு

யதார்த்தவாதம், படை எப்போது அனுப்பப்படும் என்பதை நன்கு விளக்குகிறது. ஆனால் அனுப்பப்பட்ட பின் அது எவ்வாறு பயன் தருகிறது என்பதை விளக்கத் தடுமாறுகிறது. சில ஆயிரம் வீரர்களால் பல்லாயிரம் பேர் கொண்ட இரு படைகளை அடக்கிவிட முடியாது. இருந்தும் பல இடங்களில் போர் மீண்டும் வெடிக்கவில்லை. அதற்கான காரணத்தைத் தாராளவாதச் சிந்தனையின் ஒரு கிளையான நிறுவனவாதம் விளக்குகிறது.

உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் களைத்துப்போய் ஒப்பந்தம் செய்துகொள்வதாகக் கொள்வோம். கிளர்ச்சியாளர்கள் முதலில் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த மறுநாள் அரசு தங்களை அழித்துவிடாது என்பதற்கு என்ன உறுதி? அரசுக்கும் இதே அச்சம் உண்டு: கிளர்ச்சியாளர்கள் பாதி ஆயுதங்களை மறைத்து வைத்திருந்தால்? இரு தரப்பும் அமைதியை உண்மையாகவே விரும்பினாலும், இந்த அவநம்பிக்கை ஒப்பந்தத்தைக் குலைத்துவிடும். உள்நாட்டுப் போர்கள் பேச்சுவார்த்தையில் முடிவதற்கு இதுவே பெருந்தடை என்று அமெரிக்க ஆய்வாளர் பார்பரா வால்டர் 1990-களில் வாதிட்டார்.

அமைதிப்படை இங்கே பஞ்சாயத்துச் சாட்சியாகச் செயல்படுகிறது. ஆயுதங்களை எண்ணுகிறது, இரு முகாம்களையும் பார்வையிடுகிறது, எல்லையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தால் அது தாக்குதலா விபத்தா என்று விசாரித்துச் சொல்கிறது. ஏமாற்றினால் வெளியே தெரிந்துவிடும் என்ற நிலை உருவாகும்போது, ஏமாற்றும் ஆசை குறைகிறது.

இதற்குப் புள்ளிவிவர அடிப்படையும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பேஜ் ஃபோர்ட்னா 2008-இல் வெளியிட்ட நூலில், பனிப்போருக்குப் பிந்தைய உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்தார். அமைதிப்படையினர் எளிதான இடங்களுக்கே அனுப்பப்படுகின்றனர், அதனால்தான் வெற்றி கிடைக்கிறது என்ற ஐயத்தை அவர் சோதித்தார். உண்மையில் கடினமான இடங்களுக்கே அவர்கள் அதிகம் செல்வதையும், அவ்வாறிருந்தும் போர் மீண்டும் மூளும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைவதையும் அவர் கண்டறிந்தார். வீரர்களும் காவலர்களும் கூடுதலாக நிறுத்தப்படும் இடங்களில் பொதுமக்கள் கொல்லப்படுவது குறைகிறது என்று 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வும் காட்டியது. ஐ.நா. படையால் பயனில்லை என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறான முடிவுகள் இவை.

காங்கோ: விதிகள் உடைந்த களம்

காவலன் சண்டையில் இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு 1960-களின் காங்கோ முதல் பாடம். 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற காங்கோவில் சில நாட்களிலேயே ராணுவக் கலகம் மூண்டது. கனிம வளம் நிறைந்த கடாங்கா மாகாணம் மோயிஸ் ஷோம்பே தலைமையில் பிரிந்து போவதாக அறிவித்தது. பிரதமர் பட்ரிஸ் லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போரைத் தடுக்கக் கடைசி வழியாகப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று பாதுகாப்பு கவுன்சில் பிப்ரவரியில் அனுமதி அளித்தது. இந்தியா ஒரு முழுப் படைப்பிரிவை அனுப்பியது. ஐ.நா. படையின் எண்ணிக்கை உச்சத்தில் சுமார் 20,000 ஆக இருந்தது.

1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில் நகரில், விமான நிலையச் சாலையை மறித்திருந்த கடாங்கா படையினர் சுமார் 90 பேரைக் கேப்டன் குர்பசன் சிங் சலாரியா 16 வீரர்களுடன் எதிர்கொண்டார். அத்தாக்குதலில் தடை தகர்ந்தது. சலாரியா உயிர்த்தியாகம் செய்தார். ஐ.நா. பணியில் பரம்வீர் சக்ரா விருது பெற்றவர் அவர் ஒருவரே. அதே ஆண்டு செப்டம்பரில் போர் நிறுத்தப் பேச்சுக்காகச் சென்ற பொதுச் செயலாளர் ஹமர்ஷீல்ட் விமான விபத்தில் உயிரிழந்தார். 1963 ஜனவரியில் கடாங்காவின் பிரிவினை முடிவுக்கு வந்தது. காங்கோ பிளவுபடவில்லை. ஆனால் அதற்காக சுமார் 250 ஐ.நா. பணியாளர்கள் உயிரைக் கொடுத்திருந்தனர்.

மற்றொரு விலையும் இருந்தது. சோவியத் யூனியனும் பிரான்சும் காங்கோ பணிக்கான செலவில் தங்கள் பங்கைச் செலுத்த மறுத்தன. அச்செலவு உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்க வேண்டிய ஐ.நா. செலவே என்று 1962 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆயினும் நிலுவை தீரவில்லை. நிலுவை வைத்த நாடுகளின் வாக்குரிமையைப் பறிப்பதா என்ற சிக்கலில், 1964-இல் தொடங்கிய பொதுச் சபைக் கூட்டத்தொடர் முறையான வாக்கெடுப்பே நடத்த இயலாமல் முடங்கியது. வல்லரசு பணம் தர மறுத்தால் அமைப்பே தள்ளாடும் என்பதை இன்றைய நிதிப் பற்றாக்குறைக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே உலகம் கண்டிருக்கிறது.

சியரா லியோன்: தோல்வியிலிருந்து மீண்ட பணி

ஒரே பணிக்குள் தோல்வியும் வெற்றியும் அடுத்தடுத்து நிகழ்ந்த இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். கோட்பாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

1991-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரை நிறுத்த 1999 ஜூலையில் லோமே ஒப்பந்தம் கையெழுத்தானது. மக்களின் கைகால்களை வெட்டிய கொடுமைகளால் உலகம் அறிந்த புரட்சிகர ஐக்கிய முன்னணியின் தலைவர் ஃபோடே சாங்கோவுக்கு, கனிம வள ஆணையத்தின் தலைவர் பதவி வழங்கப்பட்டது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த அக்டோபரில் 6,000 வீரர்களுடன் ஐ.நா. பணி தொடங்கியது. இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜெட்லி அதன் தளபதியானார்.

2000 மே மாதத்தில் கிளர்ச்சியாளர்கள் ஐ.நா. வீரர்கள் சுமார் 500 பேரைப் பிணைக் கைதிகளாகப் பிடித்தனர். கைலாஹுன் என்ற இடத்தில் இந்தியக் கூர்க்கா வீரர்கள் 200-க்கும் மேற்பட்டோர் சுமார் 75 நாட்கள் முற்றுகையில் இருந்தனர். பேச்சுவார்த்தை பலன் தராத நிலையில், ஜூலை நடுவில் 'ஆபரேஷன் குக்ரி' என்ற நடவடிக்கை மூலம் அவர்கள் மீட்கப்பட்டனர். அதே ஆண்டு, படைத் தலைமைக்குள் எழுந்த கருத்து வேறுபாடுகளுக்கு இடையே, தன் படையை விலக்கிக்கொள்வதாக இந்தியா அறிவித்தது.

இத்துடன் இப்பணி முடிந்துபோகும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் நேர்மாறாக நடந்தது. பிரிட்டன் தன் சொந்தப் படையைத் தலைநகர் ஃப்ரீடவுனுக்கு அனுப்பியது. சாங்கோ கைது செய்யப்பட்டார். கிளர்ச்சியாளர்களின் வருவாய்க்கு ஆதாரமான வைர வணிகத்துக்கு 2000 ஜூலையில் பாதுகாப்பு கவுன்சில் தடை விதித்தது. அவர்களுக்கு உதவிய லைபீரியாவின் சார்லஸ் டெய்லர் அரசு மீது அடுத்த ஆண்டு தடைகள் வந்தன. ஐ.நா. படையின் அளவு 17,500 ஆக உயர்த்தப்பட்டது. 75,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தை ஒப்படைத்தனர். 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2005 டிசம்பரில் பணி நிறைவுற்று ஐ.நா. படை வெளியேறியது. அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூளவில்லை.

யதார்த்தவாதி இதில் பிரிட்டனின் ராணுவத்தையும் வைரப் பணம் வற்றியதையும் காண்பார். நிறுவனவாதி ஆயுத ஒப்படைப்பைக் கண்காணித்த 17,500 பேரைக் காண்பார். இரண்டுமே உண்மை. போரிடுவதால் கிடைத்த ஆதாயம் முதலில் குறைந்தது. ஆயுதத்தைக் கீழே வைப்பதில் இருந்த அச்சம் பின்னர் நீங்கியது. முன்னது இல்லாமல் 1999-இல் பின்னதை மட்டும் முயன்றதே முதல் தோல்விக்குக் காரணம்.

கட்டமைப்புவாதம்: யார் அங்கே நிற்கிறார்கள்?

பலமும் பணமும் மட்டுமே நாடுகளின் நடத்தையைத் தீர்மானிப்பதில்லை. எது முறை, எது தகாதது, யார் நண்பர் என்ற பொதுக் கருத்துகளும் தீர்மானிக்கின்றன என்கிறது கட்டமைப்புவாதம். 1956-இல் எகிப்துக்குச் சென்ற படையிலேயே இதைக் காணலாம். கனடா அனுப்ப முன்வந்த காலாட்படைப் பிரிவின் பெயரில் பிரிட்டிஷ் அரசியின் அடைமொழி இருந்தது. தன்மீது படையெடுத்தவர்களின் சாயல் கொண்ட அப்படையை ஏற்க எகிப்து மறுத்துவிட்டது. அணிசேரா நாடான இந்தியாவின் வீரர்களை ஏற்றது. தலைக்கவசங்களுக்கு ஐ.நா.வின் நீல வண்ணம் பூசப்பட்டதும் அப்போதுதான். வந்திருப்பவர்கள் படையெடுத்தவர்கள் அல்லர் என்று தொலைவிலிருந்தே தெரிய வேண்டியிருந்தது.

துப்பாக்கியைவிட நம்பகத்தன்மை அதிகம் சாதித்த இடம் நமீபியா. தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்த அந்நாட்டை விடுதலைக்கு இட்டுச்செல்லும் பணி 1989 ஏப்ரலில் தொடங்கியது. பின்லாந்தின் மார்ட்டி அஹ்திசாரி அதன் அரசியல் தலைவர். இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் பிரேம் சந்த் அதன் படைத் தளபதி. ஐ.நா. வீரர்கள் முழுமையாக வந்து சேராத முதல் நாட்களிலேயே மோதல் வெடித்து, விடுதலைப் போராளிகள் சுமார் 300 பேர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் வானொலி, கிராமக் கூட்டங்கள், வாக்காளர் கல்வி, காவல்துறைக் கண்காணிப்பு ஆகியவற்றின் வழியாக மக்களின் நம்பிக்கையை ஐ.நா. பெற்றது. நவம்பரில் நடந்த தேர்தலில் 97 சதவீத வாக்காளர்கள் வாக்களித்தனர். 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றது. அமைதிப்படையின் ஆற்றலை ஆராய்ந்த லிஸ் ஹோவர்ட், நயந்து இணங்கவைத்தலின் சிறந்த எடுத்துக்காட்டாக நமீபியாவையே எடுத்துக்கொண்டார்.

லைபீரியாவுக்கு 2007-இல் இந்தியா அனுப்பிய பெண் காவலர் பிரிவும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஐ.நா. வரலாற்றில் முழுவதும் பெண்களைக் கொண்ட முதல் காவல் பிரிவு அது. பெண்கள் மீதான வன்முறை மலிந்திருந்த ஒரு நாட்டின் தெருக்களில் சீருடையும் ஆயுதமும் தாங்கிய பெண்கள் ரோந்து சென்றதே, காவல் பணி யாருடையது என்ற எண்ணத்தை மாற்றும் செய்தியாக இருந்தது.

கருத்துகள் வழிதவறவும் செய்யும். கிழக்கு காங்கோவில் ஆய்வு நடத்திய செவரின் ஓட்டெசேர், ஐ.நா. அதிகாரிகளிடம் வேரூன்றிய ஒரு நம்பிக்கையைச் சுட்டிக்காட்டினார். சிக்கல் தலைநகரிலும் அண்டை நாடுகளிலும்தான் உள்ளது, தேர்தல் நடத்தினால் தீரும் என்று அவர்கள் கருதினர். நிலம், கால்நடை, ஊர்த் தலைமை பற்றிய உள்ளூர்ப் பகைகளே பல கொலைகளுக்கு வித்திட்டன என்பதை அவர்கள் கவனிக்கத் தவறினர் என்பது அவரது 2010-ஆம் ஆண்டு நூலின் வாதம்.

விமர்சனக் கோட்பாடு: பணம் யாருடையது, உயிர் யாருடையது?

விமர்சனக் கோட்பாட்டாளர்கள் வேறொரு கேள்வியை எழுப்புகின்றனர். இந்த ஏற்பாட்டினால் யார் பயனடைகின்றனர், யார் சுமக்கின்றனர்?

பணியின் வரையறையை எழுதுவது 15 உறுப்பினர் கொண்ட பாதுகாப்பு கவுன்சில். அதில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களுக்கே ரத்து அதிகாரம் உண்டு. அமைதிப் பணிச் செலவில் ஏறத்தாழ பாதி அமெரிக்கா, சீனா ஆகிய இரு நாடுகளின் பங்காகும். களத்தில் நிற்போரோ பெரும்பாலும் நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஒரு வீரருக்காக அவரது அரசுக்கு மாதம் சுமார் 1,400 டாலர் ஈடாக வழங்கப்படுகிறது. வல்லரசு தன் பங்கைச் செலுத்தத் தாமதித்தால், இந்தத் தொகையே முதலில் நிலுவையாகிறது. அதாவது, ஏழை நாடுகள் ஐ.நா.வுக்குக் கடன் கொடுக்கும் நிலை ஏற்படுகிறது.

எழுதப்படும் பணிக்கும் கொடுக்கப்படும் வலிமைக்கும் பொருத்தமில்லாதபோது, இடைவெளியை நிரப்புவது வீரரின் உடலே. 2022 ஜூலையில் காங்கோவின் புட்டெம்போ நகரில், ஐ.நா. தங்களைக் காக்கவில்லை என்ற ஆத்திரத்தில் திரண்ட கூட்டத்தின் வன்முறையில் இந்திய எல்லைப் பாதுகாப்புப் படையினர் இருவர் கொல்லப்பட்டனர். 2025 ஜனவரியில் எம்-23 கிளர்ச்சியாளர்கள் கோமா நகரைக் கைப்பற்றியபோது ஐ.நா. படையால் தடுக்க இயலவில்லை. பரந்த காட்டுப் பகுதியில் கோடிக்கணக்கான மக்களைக் காக்க வேண்டும் என்று எழுதுவது எளிது. அதற்கான எண்ணிக்கையையும் ஹெலிகாப்டர்களையும் உளவுத் தகவலையும் தருவது கடினம்.

இலங்கை அனுபவம் எங்கே வேறுபடுகிறது?

அமைதிப்படை என்றதும் தமிழ் வாசகர்களின் நினைவுக்கு வருவது, 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படை. அது ஐ.நா. படை அன்று, இரு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கையின் கீழ் சென்றது. மேலே கண்ட மூன்று விதிகளைக் கொண்டு பார்த்தால் வேறுபாடு விளங்கும். உடன்படிக்கையில் கையெழுத்திட்டவை இரு அரசுகள் மட்டுமே. ஆயுதம் ஏந்திய தரப்பின் சம்மதம் உறுதியாக இல்லை. நலன் கொண்ட அண்டை நாட்டுப் படையை நடுநிலையானது என்று எல்லோரும் ஏற்கவில்லை. 1987 அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போர் தொடங்கியதும் மூன்றாவது விதியும் மறைந்தது. 1989-இல் இலங்கை அரசே வெளியேறக் கோரியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். பொதுமக்களும் பெரும் துயருக்கு ஆளாயினர். அமைதி காக்கும் படை என்ற பெயர் மட்டும் ஒரு படைக்கு அத்தன்மையைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று.

இந்தியாவின் கணக்கு

அப்படியெனில் இந்தியா ஏன் தொடர்ந்து படை அனுப்புகிறது? யதார்த்தவாதி பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர இடத்துக்கான உரிமைக் குரலைச் சுட்டுவார். தாராளவாதி ஆப்பிரிக்க நாடுகளுடனான உறவையும் நிலையான உலக ஒழுங்கின் பயனையும் சொல்வார். காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடு என்ற தன்னடையாளத்தைக் கட்டமைப்புவாதி முன்வைப்பார். நேரு காலம் முதல் இன்று வரையிலான கொள்கையில் இம்மூன்றின் கலவையையும் காணலாம்.

ஆனால் இந்தியா முன்வைக்கும் முக்கியக் குறை விமர்சனக் கோட்பாட்டாளர்களின் கேள்வியோடு ஒத்துப்போகிறது. கவுன்சிலில் இடம்பெறாத ஒரு நாட்டின் படையைப் பயன்படுத்தும் முன், அது தொடர்பான முடிவுகளில் பங்கேற்க அந்நாட்டை அழைக்க வேண்டும் என்று சாசனத்தின் 44-ஆவது பிரிவு கூறுகிறது. படை அனுப்பும் நாடுகளுடன் கலந்தாலோசிப்பதற்கான நடைமுறைகளை 2001-ஆம் ஆண்டின் 1353-ஆவது தீர்மானம் வகுத்தது. கலந்தாலோசனை பெயரளவில் நடக்கிறது, முடிவு வேறிடத்தில் எடுக்கப்படுகிறது என்பதே படை அனுப்பும் நாடுகளின் நெடுநாள் மனக்குறை. 2021 ஆகஸ்டில் இந்தியா கவுன்சிலுக்குத் தலைமை வகித்தபோது, அமைதிப்படையினரைக் கொல்வோர் நீதியின் முன் நிறுத்தப்பட வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. 2025 அக்டோபரில் படை அனுப்பும் நாடுகளின் ராணுவத் தலைமை அதிகாரிகள் மாநாட்டையும் புதுடெல்லி நடத்தியது.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

எந்த ஒரு கோட்பாடும் முழு விடையைத் தருவதில்லை. எனினும் அடுத்த முறை ஓர் அமைதிப் பணி நீட்டிக்கப்படுவதாகவோ, குறைக்கப்படுவதாகவோ, முடிக்கப்படுவதாகவோ செய்தி வரும்போது, இவை நான்கு கேள்விகளைக் கேட்க உதவும். அங்கே அமைதி நிலவ வேண்டும் என்று விரும்பும் வலிய நாடு எது, விரும்பாதது எது? ஆயுதத்தைக் கீழே வைக்கும் தரப்புக்கு என்ன உறுதி தரப்படுகிறது? உள்ளூர் மக்கள் அப்படையைத் தங்கள் காவலாகக் கருதுகின்றனரா? எழுதப்பட்ட பணிக்கு ஈடான ஆட்பலமும் பணமும் தரப்பட்டுள்ளனவா?

முதல் மூன்று கேள்விகளுக்குச் சாதகமான விடை இருந்த நமீபியாவில் ஒரு நாடு பிறந்தது. நான்குக்கும் பாதகமான விடை இருந்த ருவாண்டாவில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். தெற்கு லெபனானிலிருந்து ஐ.நா. படை விலகிய பின், அந்த எல்லைக் கோட்டில் அதன் இடத்தை நிரப்பும் பொறுப்பு லெபனான் ராணுவத்தின் மீது விழுகிறது. அதனால் அது இயலுமா என்பதற்கான விடையும் இந்த நான்கு கேள்விகளிலேயே உள்ளது.